கத்திரி வெயிலில் ஒரு குடும்பப் பயணம்

பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் எழுகிறது. "பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. ஊர்ப்பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். அப்பாவையும் அழைத்துச் செல்லலாமா, டாக்டர்?" கேட்பவர் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒன்றும் பேசாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையைக் கண்டபின் "வேண்டாம்" என்று சொல்வது எளிதன்று. பெரும்பாலும் அவ்வாறு சொல்ல வேண்டிய தேவையும் இருப்பதில்லை. நோய் கட்டுக்குள் இருப்பவரும், அண்மையில் மாரடைப்போ பெரிய அறுவை சிகிச்சையோ காணாதவரும் குடும்பத்துடன் சென்று வரலாம். ஆனால் பயணத் திட்டத்தை, வீட்டில் எவர் மிகவும் தளர்ந்தவரோ அவருடைய உடலை முன்வைத்து வகுக்க வேண்டும். மற்றவர்களுக்காகத் திட்டத்தை முடித்துவிட்டு, கடைசியில் பெரியவரை அதற்குள் பொருத்த முயலும்போதுதான் தொல்லைகள் நேர்கின்றன.

கத்திரி என்று நாம் வழங்கும் அக்கினி நட்சத்திரக் காலம் மே 4 அளவில் தொடங்கி மே 28 அளவில் முடிகிறது. அதற்கு முன்னும் பின்னும் வெயில் கருணை காட்டுவதில்லை. மதுரை, திருச்சி, கரூர், வேலூர், திருத்தணி ஆகிய ஊர்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது கோடைதோறும் காணும் செய்தி. அப்படியானால் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போகலாமே என்று கேட்கலாம். போகலாம்தான். எனினும் அங்கு வரும் வண்டிகளின் பெருக்கத்தால் 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறையே கொண்டுவரப்பட்டது. கொண்டை ஊசி வளைவில் இரண்டு மணி நேரம் நின்றுபோன காருக்குள் இருக்கும் இதய நோயாளிக்கு மலைக்காற்று பெரிதாக உதவிவிடாது. மேலும், எங்களிடம் வரும் பெரியவர்கள் பலரும் விரும்புவது மலையை அன்று. மீனாட்சியம்மனையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் குலதெய்வத்தையும் இன்னொரு முறை கண்டுவர வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். ஆகவே அந்தப் பயணத்தைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

முதலில் நேரம். சென்னையிலிருந்து காரில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு நண்பகலில் நெடுஞ்சாலையில் இருப்பதைவிட, இரவு ரயிலில் படுத்துறங்கி விடியலில் மதுரையில் இறங்குவது நோயாளிக்கு எவ்வளவோ மேல். இறங்கிய அன்றே எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாதீர்கள். கடும் வெப்பத்துக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்ள ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வீட்டில் குளிர்சாதன அறையிலேயே இருந்து பழகியவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்கள்தாம் மிகவும் கடினமானவை.

கோயில் செல்வதும் உறவினரைக் காண்பதும் காலை ஐந்தரை முதல் ஒன்பதரை மணிக்குள் முடியட்டும். பத்து மணி முதல் மாலை நான்கு வரை அறைக்குள் இருக்க வேண்டும். இதற்குக் கோயில்களே துணை நிற்கின்றன. மதுரையிலும் தஞ்சையிலும் சந்நிதிகள் நண்பகலில் சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கும். நடை சாத்துவதற்குள் ஓடிப்போய்த் தரிசித்துவிட வேண்டும் என்று பதினொன்றரை மணிக்கு வரிசையில் நிற்கும் குடும்பங்களைக் காணும்போது எங்களுக்கு மனம் பதறுகிறது. அறையைப் பொறுத்தவரை, கோயிலுக்கு அருகில் இருப்பதும் மின்தடையின்போது குளிர்சாதனம் இயங்குவதும் முக்கியம். காற்று 40 டிகிரியைத் தாண்டிய நிலையில் மின்விசிறி சூடான காற்றையே உடல்மேல் வீசும். அப்போது அதை மட்டும் நம்பியிருக்கலாகாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நாளை மட்டும் நோயாளிகள் தொலைக்காட்சியில் காணுமாறு வேண்டுகின்றோம். வெயிலும் நெரிசலும் ஒன்றுசேரும் இடம் அது.

இனி, எங்களை மிகவும் வருத்தும் ஒரு செய்தி. சில கோடைகளுக்கு முன், நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ள பெரியவர் ஒருவர் பயணத்திலிருந்து திரும்பிய நான்காம் நாள் எங்களிடம் வந்தார். இரு உள்ளங்கால்களிலும் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. எப்போது நேர்ந்தது என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. நண்பகல் வேளையில் ஒரு கோயிலின் வெளிப் பிராகாரத்தை வலம் வந்திருக்கிறார். உடன் வந்த பேரப்பிள்ளைகள் "சுடுகிறது" என்று துள்ளி நிழலுக்கு ஓடினர். அவர் மட்டும் நிதானமாக நடந்து சுற்றை முடித்தார். தாத்தாவின் பக்தியை எல்லோரும் வியந்தனர். உண்மையில் அவர் பாதங்களுக்குச் சூடே தெரியவில்லை. மறுநாள் காலுறையில் ஈரம் கண்ட பிறகுதான் வீட்டார் பார்த்தனர். அந்தப் புண் ஆற மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. ஒரு விரலை இழந்தார்.

நாள்பட்ட சர்க்கரை நோயில் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. வெயிலில் கிடக்கும் கருங்கல் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். 60 டிகிரிச் சூட்டில் தோல் வெந்துபோகச் சில விநாடிகளே போதும். எரிச்சல் தெரிந்தவர் காலை எடுத்துவிடுவார். தெரியாதவர் நடந்துகொண்டே இருப்பார். கோயில்களில் தென்னை நார் விரிப்பு விரித்தும் வெள்ளைப் பூச்சுப் பூசியும் வைக்கிறார்கள். அவ்வழியை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். தடிமனான பருத்திக் காலுறை அணிய அனுமதி உண்டா என்று வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கோயில்கள் பலவற்றில் சக்கர நாற்காலி கிடைக்கும். அதில் அமர்வதைக் கௌரவக் குறைவாக எண்ண வேண்டாம். நோயாளி காலடி வைக்கும் முன், உடன் வரும் உடல்நலமுள்ள ஒருவர் தம் புறங்கையைக் கல்லின்மேல் வைத்துப் பார்க்கட்டும். ஐந்து விநாடி வைக்க இயலாவிட்டால் அது நடக்கத் தக்க தரையன்று. பலரும் அறியாத ஒன்று, பகலெல்லாம் குடித்த வெயிலைக் கல் மாலையில் உடனே விட்டுவிடுவதில்லை. ஆகவே மாலை ஐந்து மணித் தரிசனத்தைவிட அதிகாலைத் தரிசனமே பாதங்களுக்குப் பாதுகாப்பானது. இரவு படுக்கும் முன் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பாருங்கள். பார்வை மங்கியவருக்கு வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தண்ணீர். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. எங்கள் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அது தவறான அறிவுரை. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளவு குறித்திருப்பார். கோடையில் அந்த அளவைச் சற்று மாற்றலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். அன்றைய அளவை ஒரே புட்டியில் நிரப்பி, நாள் முழுவதும் சிறிது சிறிதாக அருந்துவது நல்ல வழி. வாய் உலர்ந்தால் கொப்பளித்துத் துப்பலாம். சப்பும் பனிக்கட்டியும் தண்ணீர்க் கணக்கில் சேரும். சிறுநீரக நோயாளிக்கு இளநீர் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைக்க வல்லது. உப்பிட்ட நீர்மோர் இரத்த அழுத்தமும் இதயத் தளர்ச்சியும் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. உப்பில்லாத மோர் போதும். அதுவும் குறித்த அளவுக்குள்ளேயே. ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பும் குளுக்கோசும் உண்டு என்பதை மறவாதீர்கள். மதுரை ஜிகர்தண்டாவைப் பற்றியும் கேட்கிறார்கள். சர்க்கரை நோயாளி பேரனுடைய குவளையிலிருந்து இரண்டு வாய் ருசித்தால் நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம். ஆனால் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்களும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் வெளியில் விற்கும் பனிக்கட்டியையும் நறுக்கிய பழங்களையும் தொடவே கூடாது.

அளவுக் கட்டுப்பாடு இல்லாத பெண்கள் பலர் வேறொரு காரணத்தால் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற அச்சத்தால், புறப்படும் நாள் காலையிலிருந்தே ஒரு மிடறும் அருந்தாமல் வரும் தாய்மார்களை நாங்கள் நன்கு அறிவோம். மாலையில் தலைசுற்றல், மறுநாள் சிறுநீர்க் கடுப்பு. இதை அவர்களுடைய பிடிவாதம் என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. தூய்மையான கழிப்பறை உள்ள உணவகங்கள் எங்கெங்கு உள்ளன என்று முன்கூட்டியே பார்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துவோம் என்று ஓட்டுபவர் புறப்படும் முன்பே சொல்லிவிட்டால் அந்தத் தாய் தாமாகவே தண்ணீர் குடிப்பார். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதவில்லை என்று பொருள்.

மருந்துகளுக்காகப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாக ஒருமுறை எங்களிடம் வாருங்கள். மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள், சர்க்கரைக்கு வழங்கப்படும் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்றவை உடலில் நீர் குறைந்த நிலையில் தொல்லை தரக்கூடும். லித்தியம் உட்கொள்வோருக்கு நீரிழப்பால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைத்து உடற்சூட்டை ஏற்றும். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் செல்லும் ஊரிலுள்ள மையத்தில் முன்பதிவு செய்த பின்னரே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளை அங்கே கேட்பார்கள்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் தேவை. பயன்பாட்டில் உள்ளதை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வைத்திருக்கலாம். மே மாத மதுரையில் 30 டிகிரி என்பது அறைக்குள்ளும் அரிது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத உறவினர் வீட்டில், இன்சுலினை நீர் புகாத டப்பாவில் மூடி, ஈரமான மண்பானைக்குள் வையுங்கள். பாட்டி காலத்துப் பானை இன்றும் இதற்கு நன்றாகவே உதவுகிறது. பயணத்தில் பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டவைத்தால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடும். நிறுத்திய காரில் இன்சுலினையோ, ஆஸ்துமா இன்ஹேலரையோ, சர்க்கரைப் பரிசோதனைப் பட்டைகளையோ விட்டுச்செல்லாதீர்கள். குழந்தையையோ பெரியவரையோ "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லி விட்டுச்செல்வது அதைவிடப் பன்மடங்கு கொடிது. மூடிய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி ஏறிவிடும்.

வெப்பத்தில் இன்சுலின் விரைவாக உடலில் சேர்வதால் சர்க்கரை திடீரெனத் தாழவும் கூடும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். வெயிலால் வந்த மயக்கம் என்று எண்ணி விசிறிக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாக வந்தவர்கள் உண்டு. முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள். கருவி இல்லையேல், நினைவோடு இருப்பவருக்குச் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுங்கள்.

இராமேசுவரம் வரை நீட்டிக்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல். அங்கு வெப்பமானி குறைவாகக் காட்டும். ஆயினும் ஈரக்காற்றில் வியர்வை உலராமையால் உடல் குளிர்வதில்லை. மதுரையில் காத்த எச்சரிக்கையைக் கடற்கரையில் தளர்த்த வேண்டாம்.

ஒருவர் பேச்சுக் குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் பேசினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அது வெப்பப் பக்கவாதமாக இருக்கலாம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் குளிர்ந்த துணி வையுங்கள். நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைத் தணிக்காது.

விரலை இழந்த அப்பெரியவர் சென்ற மாதம் மீண்டும் எங்களிடம் வந்திருந்தார். இவ்வாண்டு தஞ்சாவூருக்குச் செல்கிறார்கள். இரவு ரயில், கோயிலுக்கு அருகில் அறை, விடிந்ததும் தரிசனம் என்று மருமகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். கல்லில் முதலில் கை வைத்துப் பார்க்கும் பொறுப்பு ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்குத் தரப்பட்டிருக்கிறது. தாளின் அடியில் அவனே தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் இட்டிருந்தான்.