கணினி உங்கள் வீட்டுப் பிளானை எப்படிப் படிக்கிறது?

"பிளான் அப்ரூவல் இப்போ எல்லாம் ஆன்லைன்தான் சார்" என்று பொறியாளர் சொன்னதும் வீடு கட்டப்போகிறவருக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. ப்ளூ பிரிண்ட் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேற வேண்டியதில்லை. அலைச்சல் குறைந்தது உண்மை. அதைவிடப் பெரிய மாற்றம், அந்த வரைபடத்தை இப்போது யார், எப்படிப் படிக்கிறார்கள் என்பது. அதைப் புரிந்துகொண்டால் விண்ணப்பம் ஏன் திரும்பி வருகிறது என்பதும் புரியும்.

தாள் காலத்தில் அதிகாரி அளவுகோலோடு உட்காருவார். முன்புறம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு, மொத்தப் பரப்பு எவ்வளவு என்று வரைபடத்தின் மேல் வைத்து அளப்பார். மாடிப்படியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் எல்லா செட்டையும் புதிதாக அச்சடிக்க வேண்டும். பெரிய கட்டடமாக இருந்தால் தீயணைப்புத் துறைக்கு ஒரு செட், போக்குவரத்துக் காவலுக்கு ஒரு செட். எல்லோர் மேசையிலும் இருப்பது ஒரே திருத்தப் படிதானா என்று உறுதி சொல்ல முடியாது.

இதைப் பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றுவது முதல் கட்டம். தபால் செலவு மிச்சம். எந்தக் கோப்பு யாரிடம் எத்தனை நாள் கிடந்தது என்ற தேதியும் பதிவாகும். ஆனால் அதிகாரி இப்போது திரையில் அளக்கிறார், அவ்வளவே. இதற்கு மின்னணுப் பரிசீலனை என்று பெயர் வைப்பது என் கணக்கில் கொஞ்சம் அதிகம்.

உண்மையான பரிசீலனை, கணினியே அளக்கத் தொடங்கும்போது ஆரம்பிக்கிறது. இந்திய நகரங்கள் பலவற்றில் புழங்கும் ஆட்டோடிசிஆர் போன்ற மென்பொருள்களின் அடிப்படை எளிது. ஆட்டோகேட் வரைபடத்தில் மனை எல்லை ஒரு லேயரில், சாலை இன்னொன்றில், கட்டடத்தின் வெளிக்கோடு வேறொன்றில், வாகன நிறுத்தம் தனியாக என்று, சொல்லப்பட்ட பெயர்களில் பிரித்து வரைய வேண்டும். மனிதக் கண் 'இது சுவர், இது காம்பவுண்டு' என்று பார்த்தே அறிந்துகொள்ளும். கணினிக்கு எல்லாம் வெறும் கோடு. லேயரின் பெயரை வைத்துத்தான் அது அடையாளம் காண்கிறது. பிறகு மனை எல்லைக்கும் கட்டடத்தின் வெளிக்கோட்டுக்கும் இடையிலுள்ள மிகக் குறைந்த தூரத்தைப் பக்க இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். தளங்களின் பரப்புகளைக் கூட்டி மனைப் பரப்பால் வகுத்து எஃப்எஸ்ஐ, அதாவது தளப்பரப்புக் குறியீடு, சொல்லும். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரண உயரக் கட்டடத்துக்கு இது 2. அதாவது 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் கணக்கில் சேரும் பரப்பு 4,800 சதுர அடி வரை போகலாம்.

இங்கேதான் வேடிக்கையான சிக்கல்கள் வரும். மனை எல்லைக் கோட்டின் ஒரு மூலை மயிரிழை சேராமல் நின்றால், அது மூடிய வடிவம் இல்லை. பரப்பைக் கணக்கிட முடியாது. மீட்டரில் எதிர்பார்க்கும் இடத்தில் மில்லிமீட்டரில் வரைந்தால் வீடு ஆயிரம் மடங்கு வீங்கிவிடும். தாளில் இவை யார் கண்ணிலும் பட்டிருக்காது. விதிப்படி வீடு சரியாகவே இருக்கும், ஆனாலும் கோப்பு திரும்பும். அதற்கு அதிகாரியைத் திட்டிப் பயனில்லை.

சிங்கப்பூர் இந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்டது. 2001இல் கோர்நெட் என்ற மின்னணு விண்ணப்ப முறை அங்கே வந்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ் அமைப்பில் ஏழு அரசு அமைப்புகள் ஒரே முப்பரிமாண மாதிரியைப் பார்த்து ஒருங்கிணைந்த பதிலைத் தருகின்றன. அந்த மாதிரியில் சுவர் வெறும் கோடு அல்ல. தான் சுவர், இன்ன தடிமன், இன்ன பொருள் என்ற தகவலையும் சுமந்து வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கணினி பார்க்காதது எது என்பதையும் சொல்ல வேண்டும். இடைவெளியையும் பரப்பையும் உயரத்தையும் அளக்கும் மென்பொருள், தூணுக்குள் போதுமான கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 1986 மார்ச்சில் சிங்கப்பூரின் ஹோட்டல் நியூ வேர்ல்ட் இடிந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கிடாமல் விட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. அப்படிப்பட்ட கட்டடமும் இடைவெளிச் சோதனையில் எளிதாகத் தேறியிருக்கும். அதன் பிறகு 1989இல் வந்த சட்டம், வடிவமைத்தவருக்குத் தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றது. நம் மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தை அஞ்சல் முத்திரை போலக் காசுக்கு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆன்லைன் அவர்களைத் தடுக்காது.

சிறு வீடுகளுக்குத் தமிழ்நாடு அரசு இன்னும் ஒரு படி தாண்டிவிட்டது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றிதழ் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுவதென்றால், இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டியே இடத்தைப் பார்வையிட யாரும் வரமாட்டார்கள். ஒரு கிரவுண்ட் மனைக்காரர் பலருக்கு இது பெரிய வசதி. சொல்லப்படாமல் போவது ஒன்று: அதிகாரியின் தோளிலிருந்து இறங்கிய பொறுப்பு உங்கள் தோளில் ஏறியிருக்கிறது. உறுதிமொழி கொடுப்பவர் நீங்கள்.

அதனால் வரையத் தொடங்கும் முன்பே பத்திரத்தில் உள்ள அளவும், புலப்படத்தில் உள்ள அளவும், டேப் பிடித்தால் நிலத்தில் கிடைக்கும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மூன்றும் அப்படியே பொருந்துகிற மனை அபூர்வம். பட்டாவில் அப்பா பெயரே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தவறான ஆவணத்தை எந்த லேயராலும் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்ணப்பக் கணக்கைப் பொறியாளரோ மேஸ்திரியோ தன் செல்பேசி எண்ணில் திறந்தால், துறை கேட்கும் விளக்கங்கள் எல்லாம் அவருக்குத்தான் போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. கணக்கை உங்கள் எண்ணில் திறக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லையும், ஏற்றிய ஆட்டோகேட் கோப்பையும், அனுமதி ஆணையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்த பிறகு மேஸ்திரி பேச்சைக் கேட்டு ஓர் அறையை ஓரடி வெளியே தள்ளாதீர்கள். தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் திருத்திய பிளானுக்கு முதலில் அனுமதி வாங்குங்கள்.