குட்டி போடும் மீன்களும் கிராமத்து ஏரிகளும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை முதலான கிராமங்களில் கிணறும் குளமும் ஏரியும் உண்டு. இத்தகைய ஊர்களில் கொசுப் புழுக்களைத் தின்பதற்கென நீரில் விடப்படும் மீன்கள் இரண்டு. கப்பி 1910ஆம் ஆண்டளவில் தென் அமெரிக்காவிலிருந்தும், கம்பூசியா 1928இல் இத்தாலி வழியாகவும் இந்தியாவுக்கு வந்தவை. இரண்டும் முட்டையிடாமல் குட்டி போடும் ஜாதி. அவற்றால் விளையும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இந்த ஒரு குணத்தைச் சார்ந்தவையே.

ரோகு மீன் தன் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2 லட்சம் முட்டைகள் வீதம் இட்டுப் புதுவெள்ளத்தில் விட்டுவிடுகிறது. விரால் சில ஆயிரமே இட்டுக் குஞ்சுகளைக் காவல் காக்கிறது. கப்பியோ முட்டைகளை வயிற்றிலேயே வைத்திருந்து, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை சில பத்துக் குட்டிகளை ஈனுகிறது. தொகை சொற்பமே, ஆயினும் குட்டி பிறந்தவுடன் நீந்தி இரை தேடும். அன்றியும், ஆணின் விந்தைப் பெண் மீன் பல மாதங்கள் தன்னுள் சேமித்து வைக்க வல்லது. ஆதலின் சினைப்பட்ட பெண் மீன் ஒன்று சேர்ந்தாலே கிணறு முழுதும் பெருகிவிடும்.

ஏரியிலுள்ள விரால் இவற்றைத் தின்று தீர்த்துவிடும் என்று நம்பியிருத்தல் தகாது. கப்பியின் பூர்வ தேசங்களுள் ஒன்றாகிய திரினிடாட் தீவில் இது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. கப்பியைத் தின்னும் பெருமீன்கள் உள்ள ஓடைகளில் அவை இளமையிலேயே சினைப்பட்டுச் சிறு குட்டிகளை மிகுதியாக ஈனுகின்றன. அப்பகை குறைந்த ஓடைகளில் காலந்தாழ்த்திப் பருவமடைந்து, பெரிய குட்டிகளைச் சிலவாக ஈனுகின்றன. 1976இல் ஜான் எண்ட்லர் என்பார் பகை மிகுந்த இடத்துக் கப்பிகளைப் பகை குறைந்த ஓடையில் விட்டார். 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைகளுக்குள், அவற்றின் சந்ததி பரம்பரைக் குணத்திலேயே மாறிவிட்டதென டேவிட் ரெஸ்னிக் முதலியோர் 1990இல் வெளியிட்டனர். விதைக்கதிரைக் குடியானவர் பொறுக்குவதுபோல, அங்கே பொறுக்கும் வேலையைப் பகைமீன் செய்கிறது!

கம்பூசியா பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்பது. ஆகையால் மீன் குத்தகை விடப்படும் ஏரிகளில் இதனை விடலாகாது. கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குச் சென்றுவிட்டால் திரும்பப் பிடித்தல் அரிது. புழுக்களைத் தின்னும் நாட்டுச் சிறு மீன்களும் உண்டு. அவை கிடைக்குமிடத்தில் அவற்றையே விடுதல் நலம். அயல்மீன் அவசியமெனின், வெளிப்போக்கில்லாத சிமெண்டுத் தொட்டிகளோடு நிறுத்திக்கொள்க. தொட்டியைக் கழுவும் நீரை வாய்க்காலில் விடாமல், உலர்ந்த நிலத்தில் பாய்ச்சிச் சுவற விடவேண்டும்.