மலைப் பயணத்திற்குக் கத்தி வாங்குவோர்க்கு

மழைக்காலம் பிறந்ததும் தாராவி, மாதுங்கா, செம்பூர்வாழ் நம் இளைஞர் பலர் லோஹகட், ராஜ்மாச்சிக் கோட்டைகளை நோக்கிப் புறப்படுகின்றனர். கயிறு அறுக்கவும் காய் நறுக்கவும் கத்தி கேட்பது நியாயமே. ஆயினும் ‘போர்வீரர் கத்தி’ என்னும் விளம்பரத்தில் மயங்குதல் தகாது.

மலைக்கு மடக்குக் கத்தியைவிட மடங்காத கத்தியே உறுதியானது. அலகின் எஃகு கைப்பிடியின் இறுதிவரை ஓடியிருத்தல் வேண்டும். பாதியில் நின்றால் அழுத்தும்போது முறியக்கூடும். 4 அங்குல அலகே போதும். கரிமம் மிகுந்த எஃகைத் தீட்டுதல் எளிது. ஆனால் இவ்வூர் மழைக்காற்றில் விரைவில் துருவேறும். துடைத்து எண்ணெய் பூசப் பொறுமையில்லாதோர் துருப்பிடிக்காத எஃகையே நாடுக. நனைந்த கையிலும் வழுக்காத பிடியும், இறுகப் பொருந்தும் உறையும் இன்றியமையாதன.

சட்டத்தையும் மறத்தலாகாது. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் ஆனவை நீங்கலாக, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ மிஞ்சும் கத்திகளை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஆயுதமாகவே கருதுகின்றன. 1951-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி, நகரில் கத்தி எடுத்துச் செல்வதையே கமிஷனர் குறித்த காலத்திற்குத் தடுக்கலாம். போரிவிலி தேசியப் பூங்காவிலோ, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி எழுத்து மூலமான அனுமதியின்றிக் கத்தியுடன் நுழைதல் குற்றமாகும்.

இடுப்பில் செருகி மின்ரயிலில் ஏறும் பிள்ளை, காவலர் கண்ணுக்கு மலையேறுபவனாகத் தோன்றான். ஆகவே பெற்றோரே, கத்தி உறையோடு பையின் அடியில் கிடக்கட்டும். தற்காப்புக்கென ஒருபோதும் வாங்கித் தரவேண்டாம்.