கோழி இட்ட முட்டை யார் இலையிலே?

ஒரு முட்டையைப் பற்றி எழுதப் போகிறோம்.

"நாட்டிலே எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, முட்டையைப் பற்றியா எழுத வந்தீர்கள்?" என்று தோழர்கள் கேட்கலாம். ஆம், முட்டையைப் பற்றித்தான்! அந்த முட்டையைத் தின்றவர் நாமே என்பதால், எழுதாமல் இருக்க மனம் இடம் தரவில்லை.

கிளைக் கூட்டமொன்றை முடித்துக்கொண்டு, ஆலைத் தொழிலாளியான தோழர் ஒருவர் வீட்டிலே இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ஓட்டு வீடு. கொல்லையிலே முருங்கை மரம். மூலையிலே கூடையால் கவிழ்த்த கோழி. "ஒண்ணும் விசேஷமா இல்லீங்கண்ணே, இருக்கிறதைத்தான் போடுறேன்" என்று சொல்லிக்கொண்டே, தோழரின் துணைவியார் நம் இலையிலே ஒரு முட்டையும் தோழர் இலையிலே ஒரு முட்டையும் வைத்தார். சுவரோரத்திலே ஒன்றரை வயதுக் குழந்தை. கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன்னே தள்ளி, நம்மையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"குழந்தைக்கு?" என்று கேட்டோம்.

"அதுக்கு ரசஞ்சோறு போதும்ணே. முட்டையெல்லாம் செரிக்காது. ஒழைக்கிறவங்களுக்குத்தானே வேணும்!" என்றார். தோழரும் தலையை ஆட்டினார். நாமும் தின்றோம்.

தின்றுவிட்டுக் கை கழுவும்போதுதான் நெஞ்சிலே சுருக்கென்று தைத்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னாலே மேடையிலே நின்று, "கீழே கிடப்பவனுக்கே முதல் பங்கு!" என்று முழங்கிய வாய்தானே அந்த முட்டையைத் தின்றது?

எண்ணிப் பாருங்கள் தோழர்களே. அந்த வீட்டிலே கோழி இல்லையா? இருந்தது. கீரை இல்லையா? மரமே நின்றது. தாய்க்கு அன்பு இல்லையா? அன்புக்கு என்ன குறை! இருந்தும் குழந்தை இளைத்தது. ஏன்? எது குழந்தைக்குத் தேவை என்று அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. விளைந்ததைப் பங்கிடும் உரிமை தனக்கு உண்டு என்ற துணிவும் அவருக்கு இல்லை. மரமும் கோழியும் இருந்தால் மட்டும் குழந்தை தேறிவிடாது. அறிவும் உரிமையும் உடன் வரவேண்டும். நாம் சொல்ல வந்தது இதுதான்.

தமிழ்நாட்டிலே பள்ளிப் பிள்ளையின் பசியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவிட்டது. 1956இல் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று திட்டங்கள் வளர்ந்தன. பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் பள்ளியின் தட்டு, பள்ளிக்கு வரும் பிள்ளைக்குத்தானே கிடைக்கும்? ஆறு மாதம் முடிந்து, தாய்ப்பால் மட்டும் போதாமல் போகிற நாளிலிருந்து இரண்டு வயது வரையிலே, குழந்தை உண்பதெல்லாம் வீட்டு அடுப்பிலே வேகிறது. மூளையும் எலும்பும் முனைந்து வளர்கிற காலம் அது. அப்போது ஏற்பட்ட குறையைப் பிற்பாடு பந்தி பந்தியாகச் சோறு போட்டாலும் முழுவதும் ஈடுசெய்ய முடிவதில்லை.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டிலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்த சோகை! இந்திய அளவோடு ஒப்பிட்டால் நாம் மேலே நிற்கிறோம் என்பது உண்மை. ஆனால், பக்கத்து வீட்டுக் குழந்தை இன்னும் மெலிவு என்பதால் நம் குழந்தைக்கு இரத்தம் ஊறிவிடுமா?

சரி, வழி என்ன? இந்தக் கேள்வியைக் கையிலே எடுத்துக்கொண்டு, வேறு நாடுகளிலே மண்ணைக் கொத்திப் பார்த்திருக்கிறார்கள். அதைத் தோழர்கள் அறியவேண்டும்.

ஹெலன் கெல்லர் — கண்ணும் காதும் இழந்தும் கற்றுத் தேர்ந்து உலகை வியக்கவைத்த பெண்மணி. அவர் பெயர் தாங்கிய நிறுவனம், கண் பார்வையைக் காக்கும் பணியிலே ஈடுபட்டது. வைட்டமின் ஏ குறைந்தால் குழந்தைக்கு மாலைக்கண் வரும். முற்றினால் பார்வையே போகும். அந்த வைட்டமினுக்கு வழி கீரையிலும், மஞ்சள் நிறப் பழங்களிலும், முட்டையிலும் இருக்கிறது. ஆகவே கண்ணைக் காக்கப் புறப்பட்டவர்கள் தோட்டம் போடப் புறப்பட்டார்கள்! வங்காளதேசத்திலே 1990இல் சிறிய அளவிலே தொடங்கி, 1993 முதல் விரிவாக்கி, ஏறத்தாழ 9 இலட்சம் குடும்பங்களுக்கு வீட்டுத் தோட்டத்தைக் கொண்டுசேர்த்தார்கள். பருவத்திலே மட்டும் காய்த்த கொல்லைகள் ஆண்டு முழுவதும் காய்த்தன. பின்னர்க் கோழி வளர்ப்பும் சேர்ந்தது.

அதே நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. புர்க்கினா பாசோ என்பது அந்த நாட்டின் பெயர். நேர்மையான மக்களின் நாடு என்பது பொருள். அப்பர் வோல்டா என்று வெள்ளையர் இட்ட பெயரைத் துடைத்துவிட்டு, 1984இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் தாமஸ் சங்காரா என்ற இளந்தலைவர். நம் கிராமங்களிலே கம்பங்களி போல, அங்கேயும் கம்பு, சோளத்திலே கிண்டிய களிதான் அன்றாட உணவு. ஆண்டிலே ஒரே ஒரு மழைக்காலம். அடுத்த அறுவடை வரும்முன் குதிர் காலி!

அந்த நாட்டின் கிழக்கே, கூர்மா பகுதியிலே, 2010 முதல் 2012 வரை 55 ஊர்களிலே ஒரு சோதனை நடந்தது. 30 ஊர்களிலே திட்டம். 25 ஊர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. திட்ட ஊர்களிலே கைக்குழந்தை உள்ள தாய்மார்களைத் திரட்டினார்கள். ஊர் கொடுத்த நிலத்திலே மாதிரித் தோட்டம் அமைத்தார்கள். அதைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் பெண்கள். பாத்தி கட்டவும், விதைக்கவும், கோழி வளர்க்கவும் அவர்கள் கற்றார்கள். மற்ற தாய்மாருக்குக் கற்பித்தார்கள். விதை, கருவி, கோழி எல்லாம் பெண்கள் கையிலே தரப்பட்டன.

அதோடு நின்றார்களா? இல்லை. மாதத்துக்கு இரண்டு முறை வீடு தேடிச் சென்று, குழந்தைக்கு எதை, எப்போது, எப்படி ஊட்டுவது, கையை எப்போது கழுவுவது, வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னது யார்? 15 ஊர்களிலே மூதாட்டிகள். மற்ற 15 ஊர்களிலே ஊர் நலவாழ்வுக் குழுவினர்.

விளைவு 2015இல் வெளியாயிற்று. நலவாழ்வுக் குழுவினர் சொல்லிக்கொடுத்த ஊர்களிலே, திட்டம் இல்லாத ஊர்களைவிட, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 16 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. உடல் மெலிவு ஏறத்தாழ 9 புள்ளிகள் குறைந்தது. தொடக்கத்திலே ஆறு மாதம்கூட நிரம்பாதிருந்த குழந்தைகளிடையே இரத்த சோகை ஏறத்தாழ 15 புள்ளிகள் குறைந்தது. தாய்மார்களின் மெலிவும் குறைந்தது. வீட்டுச் செலவிலும் வைத்தியச் செலவிலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடியது. பெண்ணுக்கு நிலமா என்று புருவத்தை நெரித்த ஊர்களிலேயே எண்ணம் மாறத் தொடங்கியது!

மூடி மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். குழந்தைகளின் உயரக் குறைவு அந்த இரண்டாண்டிலே குறையவில்லை. மூதாட்டிகள் சொல்லிக்கொடுத்த ஊர்களிலே பலன் அவ்வளவாகத் தெரியவில்லை. உயரத்தின் அடித்தளம் கருவிலேயே இடப்படுகிறது. தாய் கருவுற்ற நாளிலிருந்தே உண்ணவேண்டியதை உண்டாக வேண்டும். ஆகவே, தோட்டம் மாயமந்திரம் அல்ல. மாயமந்திரத்தை நம்பாதே என்று ஊருக்குச் சொல்கிற நாம், கீரைப் பாத்தியிலே மட்டும் மந்திரம் இருப்பதாகச் சொல்லலாமா?

பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தால் பயன் வரும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்திலே தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்திலே, அந்தந்த ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மாவுருண்டை கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொடுத்ததும் ஊர்ப் பெண்களே. கடுமையான ஊட்டக்குறைவு அந்த வட்டாரங்களிலே குறைந்தது. எழுத்து மணக்காத வீட்டுத் தாயும், எடை அட்டையிலே கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கக் கற்றார். அறிவு யார் வீட்டுத் தனிச்சொத்து?

பயிற்சி என்றதும் பெரிய படிப்பு என்று மலைக்க வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலை நிறுத்தாமலே, மசித்த கெட்டி உணவு. கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராய் ஓடுகிற கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர உடம்பை வளர்க்காது. வேகவைத்த முட்டையைப் பிசைந்து கொடுத்தால் குழந்தைக்கும் செரிக்கும். கீரையை மசித்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, எலுமிச்சை பிழிந்து சேர்த்தால், அதிலுள்ள சத்து உடம்பிலே நன்றாகச் சேரும். சோற்றோடு தேநீர் கொடுத்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும். குழந்தைக்குத் தேநீரே வேண்டாம். கோழியை வீட்டுக்குள்ளே திரிய விடலாகாது. அதன் எச்சம் தவழ்கிற குழந்தையின் கைவழி வாய்க்குப் போகும். ஊட்டுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இவ்வளவுதான்!

"தோட்டம் போட எங்கே இடம்? நாங்கள் குடியிருப்பதே ஒண்டுக் குடித்தனம்!" என்று ஆலைத் தோழர்கள் கேட்பது காதிலே விழுகிறது. நியாயமான கேள்வி. கிழிந்த சாக்கிலே மண் நிரப்பினால் சிறுகீரை முளைக்கும். உடைந்த பானையிலே பொன்னாங்கண்ணி தழைக்கும். கூரையிலே அவரையை ஏற்றிவிடலாம். பாத்திரம் அலம்பிய தண்ணீர் முருங்கைக்குப் போதும். ஆனால் எல்லோருக்கும் இது முடியாது என்பதையும் அறிவோம். ஆகவேதான், சும்மா கிடக்கும் ஊர்ப் பொதுநிலத்திலே பெண்கள் குழுவுக்குப் பாத்தி ஒதுக்குங்கள், தண்ணீர் கொடுங்கள், வேலைக்குப் போகும் பெண்ணும் வரக்கூடிய நேரத்திலே பயிற்சி வையுங்கள் என்று கேட்கிறோம். இரண்டு பொட்டலம் விதையைக் கொடுத்துவிட்டு, கூலியையும் ரேஷனையும் அங்கன்வாடியையும் எவரும் மறந்துவிட முடியாது. கீரை, கூலிக்கு மாற்று அல்ல!

இனி, நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

தண்ணீர் சுமப்பவள் அவள். சோறாக்குபவள் அவள். கூலிக்கும் போகிறாள், குழந்தையையும் இடுப்பிலே சுமக்கிறாள். இத்தனைக்கும் மேலே தோட்டத்தையும் அவள் தலையிலே ஏற்றி, "குழந்தை இளைத்தால் நீதான் பொறுப்பு" என்று சொல்வோமானால், அது சீர்திருத்தமா, புதிய நுகத்தடியா? புர்க்கினா பாசோவிலே சங்காரா, 1984இல் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு ஆண்கள் சந்தைக்குப் போகட்டும், வீட்டு வேலையைச் செய்து பார்க்கட்டும் என்று அறிவித்தார். 1987இல் அவர் கொல்லப்பட்டார். அவர் ஆட்சியைப் பற்றி ஆயிரம் வாதம் நடக்கலாம். ஆனால் அந்த ஒரு நாளை நம்மிலே எத்தனை பேர் நம் வீட்டிலே கொண்டாடியிருக்கிறோம்?

ஆகவே தோழர்களே, உங்களிடம் நாம் கேட்பது பெரிய தியாகம் அல்ல. வார விடுமுறையிலே மண்வெட்டியை எடுத்துப் பாத்தியை நீங்கள் கொத்துங்கள். குடத்தை நீங்கள் தூக்குங்கள். துணைவியார் பயிற்சிக்குப் போகும் நாளிலே குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கோழியும் அதன் முட்டையும், விற்றால் வரும் காசும் அவர் கையிலே இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு முறை அங்கன்வாடியிலே குழந்தையை எடை போடும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். சந்தா எவ்வளவு சேர்ந்தது என்று கேட்கிற கிளைச் செயலாளர், தோழர் வீட்டுக் குழந்தையின் எடை என்ன என்றும் கேட்கட்டும்!

நாம் மறுபடியும் அந்தத் தோழர் வீட்டுக்குப் போவோம். தங்கை மறுபடியும் அன்போடு முட்டையை எடுத்துவருவார். இந்த முறை நம் இலையை மறைத்துக்கொண்டு, சுவரோரத்திலே உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு தோழரைக் காட்டி, "அம்மா, முதல் பந்தி அவருக்கு!" என்று சொல்லப் போகிறோம்.

நீங்களும் உங்கள் வீட்டிலே இன்றிரவே சொல்லுங்கள்.