கடைப் பூனைக்குட்டி திடீரெனச் சுருண்டால்

தேவாரம் கடைவீதியில் எலித்தொல்லைக்குப் பயந்தே வாசலில் ஒதுங்கும் பூனைக்குட்டிக்கு இடம் கொடுக்கிறோம். அது திடீரெனத் தீனி எடுக்காமல் சுருண்டால், கல்லாப்பெட்டிப் பக்கம் கிடக்கும் பாரசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடுகிறோம். கூடவே கூடாது. நம் தலைவலிக்குப் போடும் அதே மாத்திரைதான். ஆனால் பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தியில்லை. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும்.

உடம்பு சில்லிட்டிருந்தால் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வையுங்கள். சூடேறும்வரை எதுவும் புகட்டவேண்டாம். பசும்பால் கழிச்சலைக் கூட்டும்.

வாந்தியும் கழிச்சலும் வைரஸ் நோயாலும் வரும், எலிமருந்தாலும் வரும். ஆகவே கிட்டங்கியில் வைத்த மருந்தின் உறையோடு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். இரத்தத்தை உறையவிடாத ரகத்துக்கு வைட்டமின் கே மாற்று மருந்து. சிங்க் பாஸ்பைடுக்கு முறிவு மருந்தே கிடையாது. அதை வைத்த கிட்டங்கியில் பூனையை விடாதீர்கள்.