டிவியில் தெருக்கடைப் போட்டி: நன்றாகச் சமைப்பவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்?



போன மாதம் குழுக் கூட்டம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "ஏம்மா, டிவியில அந்த சமையல் போட்டியில அவ்வளவு அழகா சமைக்கிறவங்க, நாலு பேரா சேர்ந்து தெருவுல கடை போட்டா மட்டும் ஏன் இப்படி சொதப்புறாங்க?" அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னது 'மாஸ்டர்செஃப்' நிகழ்ச்சியை. 1990ல் இங்கிலாந்தில் பிபிசியில் தொடங்கியது. 2009ல் ஆஸ்திரேலியாவில் வந்த பிறகுதான் பல நாடுகளில் பிரபலமானது. இந்தியாவில் 2010ல் இந்தியிலும், 2021ல் சன் டிவியில் விஜய் சேதுபதி நடத்த தமிழிலும் வந்தது. இதில் கலந்துகொள்பவர்கள் ஓட்டல் சமையல்காரர்கள் இல்லை, வீட்டில் சமைப்பவர்கள். ஆஸ்திரேலியாவில் முதலில் ஜெயித்த ஜூலி குட்வின் மூன்று பிள்ளைகளின் தாய். இந்தியில் முதலில் ஜெயித்த பங்கஜ் பதௌரியா லக்னோவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 2018ல் ஆஸ்திரேலியாவில் ஜெயித்த சசி செல்லையா சிங்கப்பூரில் பிறந்த தமிழர், சிறைக் காவலராக வேலை பார்த்தவர். இறுதிப் போட்டியில் 100க்கு 93 மதிப்பெண் வாங்கினார். பரிசு 2,50,000 ஆஸ்திரேலிய டாலர்.

தனியாகச் சமைக்கும்போது இவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இடையில் அணிப் போட்டி வரும். சிவப்பு அணி, நீல அணி என்று பிரிப்பார்கள். ஒரு கேப்டன் இருப்பார். சந்தையிலோ தெருவிலோ வண்டிக்கடை போட்டு, முன்பின் தெரியாத ஜனங்களுக்குச் சமைத்துக் கொடுக்க வேண்டும். சில போட்டிகளில் எந்த அணியின் கல்லாவில் பணம் அதிகமோ அவர்கள் ஜெயித்தவர்கள். தோற்ற அணி மொத்தமும் வெளியேற்றும் சுற்றுக்குப் போக வேண்டும். ஒருத்தர் சோற்றைக் குழைத்துவிட்டாலும் அடி எல்லோருக்கும்தான். நம் குழுவில் ஒருத்தர் தவணை கட்டவில்லை என்றால் பேங்கில் எல்லோரும் பதில் சொல்கிறோமே, அது மாதிரி.

தடுமாற்றம் எங்கே வருகிறது? பெரும்பாலும் ருசியில் இல்லை, கணக்கில்.

நம்ம குழிப்பணியாரத்தையே எடுத்துக்கொள்வோம். சட்டியில் 7 குழி. ஒரு ஈடு வேக 5 நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் 12 ஈடு, அதாவது 84 பணியாரம். தட்டுக்கு 4 வைத்தால் 21 தட்டு. மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஊற்றினாலும் 63 தட்டுதான். வாசலில் நூறு பேர் நின்றாலும் அதற்கு மேல் வராது. இன்னொரு சட்டி வைக்க வேண்டும், இல்லை என்றால் இன்னொரு பலகாரம் வேண்டும், அதுவும் முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியதாக. டிவியில் பல அணிகள் இந்தக் கணக்கைப் போடாமல், வீட்டில் நாலு பேருக்குச் செய்து கைதட்டல் வாங்கிய ஐட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வரிசை நீளுகிறது. பதற்றத்தில் எண்ணெய்ச் சட்டியில் ஒரே சமயத்தில் நிறைய அள்ளிப் போடுகிறார்கள். சூடு இறங்கிவிடும், பலகாரம் எண்ணெய் குடித்துச் சவசவ என்று வரும். அதைத் திரும்பப் பொரிக்க இன்னும் நேரம்.

இரண்டாவது, யார் எங்கே நிற்பது. கல்லாவில் ஒருத்தர், அடுப்பில் இரண்டு பேர், தட்டு வைத்து நீட்ட ஒருத்தர். கேப்டன் அடுப்பிலேயே குனிந்து நின்றால் சட்னி தீர்ந்தது அவருக்குத் தெரியாது. ஜெயிக்கிற அணிகளில் கேப்டன் சுற்றிச் சுற்றி வந்து ருசி பார்ப்பார், வாய் ஓயாமல் "எத்தனை தட்டு, எத்தனை நிமிஷம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒன்றை மட்டும் டிவியை நம்பாதீர்கள். அங்கே அடுப்பு, பாத்திரம், வண்டி எல்லாம் நிகழ்ச்சிக்காரர்கள் கொடுப்பது. கல்லாவில் விழுந்ததை அப்படியே எண்ணிக் காட்டுவார்கள். நமக்கு கேஸ், வேன் வாடகை, இலை, ஐஸ், நம் கைக்கூலி எல்லாம் போக மிஞ்சுவதுதான் கணக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு குழு கோயில் திருவிழாவில் ரூ.8,000 உள்கடன் எடுத்துக் கடை போட்டது. ஒன்பது ஐட்டம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், யாரையும் மறுக்க மனசு வரவில்லை. கல்லாவில் சேர்ந்தது ரூ.5,400. மீதி வந்த மாவை ராத்திரியே பக்கத்துத் தெருவில் பங்கிட்டுக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஊக்குநரிடம் இரண்டு பேர் பேசவே இல்லை. எனக்கும் அதில் பங்கு உண்டு. தொழில் பயிற்சி கொடுத்த நான் ஐட்டம் எத்தனை என்று கேட்கவே இல்லை.

அதே குழு இந்த ஆடிக்கு மறுபடியும் கடை போடுகிறது. கடனை உறுப்பினர்களே சமமாகப் பிரித்து அடைத்துவிட்டார்கள். இந்த முறை பணியாரம், சுண்டல், சுக்குக் காபி மூன்றுதான். இரண்டு சட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊக்குநர் வீட்டு வாசலில் கடிகாரம் வைத்து ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தோம், 39 தட்டு வந்தது. தயிர் வடை சேர்க்கலாமா என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை.