திரையின் வழியே வரும் ஆசிரியர்

வன்னிப் பெருநிலத்தில் கல்வி ஒருபோதும் கட்டிடத்தை நம்பி நடந்ததில்லை. 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வுக்குப் பின்னர் மரநிழல்களிலும் ஓலைக் கொட்டில்களிலும் வகுப்புக்கள் நடைபெற்றன. மின்சாரம் அற்றுப்போயிருந்த அந்நாட்களில், மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கிற் செலவிட்டு, ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்துப் பரீட்சை எழுதியவர் பலர். 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பி வேலிக்குள் இருந்தபடியே க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு மாணவர் தோற்றினர். எது இல்லாதிருந்த போதும், பாடம் சொல்ல ஒருவர் முன்னே நின்றார். கேட்க ஒரு தோழன் பக்கத்தில் இருந்தான்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொரோனா நோயின் பொருட்டு நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. மீளக் கட்டப்பட்ட கட்டிடங்கள் இருந்தன. மின்கம்பி வீட்டு வாசல்வரை வந்திருந்தது. ஆசிரியர்தான் எதிரில் இல்லை. அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்ததே நிகழ்நிலை வகுப்பு.

பெயர் ஒன்றாயினும் அது எல்லா வீட்டிலும் ஒன்றாக இருக்கவில்லை. வசதியுள்ள இல்லத்துப் பிள்ளை தனியறையில் அமர்ந்து 'சூம்' வழியே ஆசிரியரின் முகம் பார்த்துப் படித்தது. கிராமத்துப் பிள்ளைக்கோ, கையால் எழுதிய குறிப்புக்களின் படங்கள் 'வட்ஸ்அப்' வழியே வந்து சேர்ந்ததே வகுப்பாயிற்று. அக்கைப்பேசியும் தந்தையுடையது. அவர் வயலுக்கோ கூலி வேலைக்கோ போகும்போது அதுவும் கூடவே போய்விடும். பொழுதுசாய்ந்து அவர் திரும்பிய பின்னரே பாடம் வீட்டுக்கு வரும். வந்த பின்னும் மூன்று பிள்ளைகள் காத்திருப்பின் யாருக்கு முதலிற் கொடுப்பது? பரீட்சை எழுதவிருக்கும் மூத்தவனுக்கா, எழுத்துக்கூட்டத் தொடங்கிய கடைக்குட்டிக்கா? தராசு பிடிக்கவேண்டியவள் தாய். இப்படித் தராசு பிடிக்க நேர்ந்த வீடுகளில் இடையிற் பிறந்த பெண்பிள்ளையின் முறை பெரும்பாலும் கடைசியாகவே வந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

அலைவரிசை கிடையாத துன்பம் வன்னிக்கு மட்டும் உரியதன்று. ஊவா மாகாணத்துப் பொகிதியாவக் கிராமத்து மாணவரும் ஆசிரியையும் 2021இல் காட்டுவழியே மலையுச்சிக்கு ஏறிச்சென்று பாடம் நடத்திய செய்தியை உலகமே படித்தது. அவ்வாண்டு யூலை முதல் ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றதும், 2022இல் எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டதும், அவ்வாண்டின் நீண்ட மின்வெட்டுக்களும் நாமெல்லாரும் அறிந்தவை.

ஆயினும் இம்முறையை முற்றாகப் பழிப்பது நன்றி மறந்த செயலாகும். வன்னியின் பழைய நோய் ஆசிரியர் பற்றாக்குறை. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு நியமனம் பெற்று வருவோர், காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்டுப் போய்விடுகின்றனர். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு. துணுக்காயிலிருக்கும் ஒரு மாணவி யாழ்ப்பாணத்துப் பௌதிகவியல் ஆசிரியரிடம் பேருந்துச் செலவின்றிப் பாடம் கேட்க முடிவது நம் முந்தைய தலைமுறை கனவிலும் காணாத பேறு. யானை நடமாட்டமுள்ள நெடுங்கேணிப் பக்கத்தில், மாலை வகுப்புக்குப் போன பிள்ளை இருட்டுமுன் திரும்புமோ என்று படலையில் நிற்கும் தாய்க்கு இப்பேறு இன்னும் நன்கு விளங்கும். விளங்காத கணக்கைப் பதிவிலிருந்து மூன்று முறை கேட்கலாம். நான்காம் முறையும் ஆசிரியர் சினவார். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலே தமிழ்வழிப் பாடங்களும் உள்ளன. பல்கலைக்கழக மாணவருக்கு 2020இல் இணைய வகுப்புக்குக் கட்டணமில்லா வழி திறந்துவிடப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோரோ மீள்நிரப்பு அட்டைக்குக் காசு தேடினர்.

திரையால் ஆகாதவை எவை? வகுப்பறையில் ஆசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்பும்போது, விளங்காத பிள்ளையின் விழியைக் கண்டுவிடுவார். திரையில் அப்பிள்ளை ஒரு பெயர் மட்டுமே. முதலாம் தரத்துக் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கவோ, இரசாயனவியற் பரிசோதனையின் மணத்தை உணர்த்தவோ அதனால் இயலாது. பாடசாலையில் வழங்கப்படும் மதிய உணவும் திரைவழியே வாராது. அத்துடன், பாடத்திற்கென வாங்கிய கைப்பேசியிலேயே விளையாட்டும் இருக்கிறது. அதைப் பார்த்து அடக்கவேண்டிய பெற்றோருள் யுத்தத்தாற் படிப்பை இழந்தோர் எத்தனை பேர்!

ஆகவே நிகழ்நிலை வகுப்பைப் பாடசாலைக்குப் பதிலாக வைத்ததே பிழை. பாடசாலைக்குள் அதனைக் கொண்டுவருவதே முறை என்பது எம் கருத்து. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் ஒரு பெரிய திரை, தொலைவிலிருந்து கற்பிக்கும் நல்லாசிரியர் ஒருவர், பிள்ளைகளின் முகம் பார்க்க அவ்வூர் ஆசிரியர் ஒருவர் — இவ்வளவே வேண்டும். மாலையில் சனசமூக நிலையத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். 2025ஆம் ஆண்டு யூலை முதல் ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவையும் இலங்கைக்கு வந்துவிட்டது. விலைதான் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. ஒரு வீட்டுக்கு எட்டாத விலை ஊர் கூடினால் எட்டக்கூடும்.

கணினி அறையின் திறப்பு யாரிடம் இருக்கும், மாலை ஆறு மணிவரை யார் கூட இருப்பர், மின்கட்டணத்தை எவர் செலுத்துவர் என்பன சிறு கேள்விகளாகத் தோன்றலாம். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குப் போகும் பெற்றோர் முதலிற் கேட்கவேண்டியவை இவையே.